தன்னம்பிக்கை நூல்களும் விஞ்ஞானத்தின் பெயரும்

தமிழில் தன்னம்பிக்கை நூல்கள் புதியனவல்ல. இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தந்த எம். ஆர். எம். அப்துற்-றஹீம், பெரியோர் வரலாறுகளைச் சான்றாக்கி முயற்சியை வற்புறுத்தினார். அமெரிக்காவில் தொழிலதிபராயிருந்த எம். எஸ். உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ நூலில் மனத்தின் ஆற்றலை முன்னிறுத்தினார். இன்றைய நூல்களோ ஆய்வுகூடத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றன. சான்று மாறியுள்ளது, தனிமனிதனே தன் நிலைக்குப் பொறுப்பாளி என்னும் கருத்து மாறவில்லை.

இச்சாட்சியின் தரம் நோக்கற்பாலது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அதிகாரத் தோரணையில் சில நிமிடங்கள் நின்றால் ஹோர்மோன்களே மாறும் என்றது. சோதிக்கப்பட்டோர் 42 பேர். ஆய்வாளருள் ஒருவரான ஏமி கடியின் 2012ஆம் ஆண்டுச் சொற்பொழிவு அதனை உலகெங்கும் பரப்பியது. 2015இல் 200 பேரிடம் மீளச் சோதித்தபோது, பலம் பெற்றதான உணர்வு மட்டுமே தென்பட்டது. ஹோர்மோன் மாற்றம் காணப்படவில்லை. மறு ஆண்டு, முதலாய்வின் முதன்மை ஆசிரியரான டேனா கார்னியே அவ்விளைவு மெய்யென்று தாம் நம்பவில்லை என அறிவித்தார். மறுப்புக்குச் சந்தை இல்லை போலும். அறிவுரை மட்டும் இன்னும் உலவுகின்றது.

இதனை வாசகரின் அறியாமை என ஒதுக்குதல் மேட்டிமைத்தனமாகும். பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் சிறுபகுதியினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடமுள்ள நாட்டில், வெட்டுப்புள்ளியில் தவறிய இளைஞனுக்கு அந்நூல் ஒன்றே “உன்னால் முடியும்” என்கிறது. அவனது ஏக்கம் மெய்யானது. ஆனால் இடங்களின் பற்றாக்குறை அவனது மனக்குறையாக உருமாற்றப்படுகின்றது. கருத்தியல் தொழிற்படும் விதம் இதுவே.

சாகாமத்து வயல்களை எண்ணிப் பார்க்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதும் அப்பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. உரமற்ற விவசாயிக்கு எந்தத் தோரணை உதவியிருக்கும்?

உளவியலை முற்றாக நிராகரிப்பதும் பொருள்முதல்வாதமாகாது. அல்பேர்ட் பண்டூரா 1977இலேயே, ஒருவர் தாமே செய்து வென்ற அனுபவமே தன்னாற்றல் நம்பிக்கையின் வலிய ஊற்று என்றார். செய்து வெல்வதற்கு நிலமும் நீரும் கல்வியும் தொழிலும் வேண்டும். அவற்றை யார் உடைமையாகக் கொண்டுள்ளனர் என்னும் வினாவை இந்நூல்கள் எழுப்புவதில்லை. நமது விமர்சகர்களும் அவற்றை இலக்கியமல்ல எனத் தள்ளி, அவ்வினாவை எழுப்பாதே விட்டுள்ளனர்.