குடும்பத் தலைவரின் படிப்பு மட்டும் போதுமா?

மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் குப்புசாமி அளவுகோல் நன்கு பழகிய ஒன்று. நகர்ப்புறக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க பி. குப்புசாமி 1976இல் வகுத்தது அது. குடும்பத் தலைவரின் படிப்புக்கு அதிகபட்சம் 7 மதிப்பெண், அவர் தொழிலுக்கு 10, குடும்பத்தின் மாத வருமானத்துக்கு 12. ஆக மொத்தம் 29. வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பமும் ஐந்து வகுப்புகளில் ஒன்றில் சேரும்.

வசதியான ஏற்பாடுதான். புறநோயாளிப் பிரிவின் நெரிசலிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப வருமான வரம்புகளை அவ்வப்போது திருத்திக்கொள்வதால், பழைய ஆய்வுகளோடு புதியவற்றை ஒப்பிடவும் வழி இருக்கிறது.

சிக்கல், தலைவர் யார் என்பதில் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ரேஷன் அட்டைக்கு 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவர். ஆய்வுப் படிவத்திலோ பெரும்பாலும் கணவர்தான். எட்டாம் வகுப்போடு நின்ற கணவர், பட்டம் பெற்ற செவிலியரான மனைவி என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். படிப்புக்கு அந்த வீட்டுக்குக் கிடைப்பது 3 மதிப்பெண். மனைவியின் பட்டத்தைப் பார்த்திருந்தால் 6. அவருடைய சம்பளம் குடும்ப வருமானத்தில் சேர்ந்துவிடும்; படிப்பும் வேலையும் சேராது. கீழ் நடுத்தர வகுப்பு 15இல் முடிந்து மேல் நடுத்தர வகுப்பு 16இல் தொடங்குகிறது. எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 3 மதிப்பெண் வகுப்பையே மாற்றிவிடும்.

பிரிட்டனில் இதே விவாதம் 1983இல் சூடுபிடித்தது. மனைவியர் இடையிடையே வேலையை விடுகிறார்கள், ஆகவே குடும்பத்தின் வர்க்கத்தைத் தீர்மானிப்பது கணவரின் தொழிலே என்று சமூகவியலாளர் ஜான் கோல்ட்தோர்ப் வாதிட்டார். மறு ஆண்டே மறுப்புகள் வந்தன. இருவரில் யாருடைய தொழில் மேலோங்கியதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ராபர்ட் எரிக்சன்.

மணமானதும் பெண்கள் வேலையை விடுவது சகஜமாக உள்ள இந்தியாவில், தொழிலைப் பொறுத்தவரை கோல்ட்தோர்ப்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. படிப்புக்கு அது செல்லாது. வேலையை விட்டாலும் படித்தது கூடவே இருக்கும். தாயின் கல்விக்கும் குழந்தை பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை, தந்தையின் கல்வியையோ தொழிலையோ கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது என்று நைஜீரியத் தரவுகளிலிருந்து ஜான் கால்டுவெல் 1979இலேயே காட்டினார். இன்று குழந்தை நல ஆய்வுகள் பலவும் தாயின் படிப்பைத் தனியாகக் கேட்கின்றன. ஆனால் வகுப்பைக் கணக்கிடும்போது அது வெளியே நின்றுவிடுகிறது.

அதற்காக மனைவியின் பட்டத்தை மட்டும் கூட்டினாலும் கணக்கு நேராகாது. சோனால்டே தேசாய் உள்ளிட்ட மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் தம்மைவிடக் குறைவாகப் படித்தவரை மணக்கும் பெண்கள் பெருகிவருவதைக் காட்டியது. அந்தக் கணவர்கள் பெரும்பாலும் கூடுதல் வசதியுள்ள குடும்பத்தினர். அங்கே படிப்பில் மனைவியும் பின்னணியில் கணவரும் மேலே இருக்கிறார்கள். ஒற்றை மதிப்பெண் இந்த வேறுபாட்டைக் கரைத்துவிடுகிறது.

கணவன், மனைவி இருவரின் படிப்பையும் தொழிலையும் தனித்தனியே பதிந்தால், பழைய மதிப்பெண்ணையும் கணக்கிட்டுக்கொள்ளலாம், ஒப்பீடு கெடாது. படிவத்தில் இரண்டு வரிகள்தான் கூடும். குடும்பப் பின்னணியை அறிய, பிறந்த வீடு, புகுந்த வீடு இவற்றின் நிலபுலன்களை விசாரிப்பதுதான் கடினம். புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரமும் இல்லை, எல்லாரும் மனம்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அதை வீடு தேடிச் செல்லும் விரிவான கணக்கெடுப்புகளுக்கு விட்டுவிடலாம்.