பட்டியலும் மதிப்பீடும்: செல்போன் விமர்சனங்களை முன்வைத்து

1

‘விமர்சனம்’ என்ற சொல்லை இன்று இருபது வயதுள்ள ஒருவரிடம் சொன்னால் அவர் மனதில் முதலில் வருவது சினிமா, அடுத்தது செல்போன். இலக்கியம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று கேட்காமலிருப்பதே நமக்கு மரியாதை. நான் இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. ஒரு சொல் எங்கே அதிகம் புழங்குகிறதோ அங்கேதான் அதன் அர்த்தமும் நிர்ணயமாகிறது. ஒரு பொருளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, இன்னொன்றோடு ஒப்பிட்டு, இது மேல், இது கீழ் என்று வாய்விட்டுச் சொல்லும் காரியம் தமிழில் இன்று தொடர்ந்து நடப்பது செல்போன் விமர்சனங்களில்தான். ஒரு கவிதைத் தொகுதியை மோசம் என்று எழுத நாம் தயங்குகிறோம். எழுதியவர் நண்பராக இருப்பார், அல்லது நண்பருக்கு நண்பராக. இருபதாயிரம் ரூபாய்ப் போனை வெட்டிப் பேசுகிறவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பிய போனையே அவர் பல சமயம் கையில் வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஆகவே இந்த விமர்சனம் எதை மதிக்கிறது, எதை மதிக்கத் தெரியாமலிருக்கிறது என்று பார்ப்பது நமக்கும் சம்பந்தப்பட்ட காரியம்தான் என்று நினைக்கிறேன்.

அதன் முறை பட்டியல். திரை இத்தனை அங்குலம், அது வினாடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பாட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி. காமிரா 50 மெகாபிக்ஸல், 108, 200. இரண்டு போன்களுக்கு இரண்டு பத்திகள். வரிக்கு வரி எந்த எண் பெரிது என்று பார்த்துக்கொண்டே போய், முடிவில் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க்.

பட்டியல் என்றதும் நமக்கு க.நா.சு. ஞாபகத்துக்கு வருவார். ‘பட்டியல் விமர்சகர்’ என்று அவரைக் குறைகூறியவர்கள் பலர். 1959ல் ‘எழுத்து’வைத் தொடங்கிய செல்லப்பா வளர்த்த அலசல் முறை ஒருவகையில் அந்தப் பட்டியலுக்கு மறுப்பு. ஆனால் க.நா.சு.வின் பட்டியலுக்கும் செல்போன் பட்டியலுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. க.நா.சு. பல சமயம் காரணம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அந்த நூலைப் படித்த ஓர் ஆள் இருந்தார், அவரோடு சண்டை போட முடிந்தது. செல்போன் பட்டியலில் காரணங்கள் மட்டும் இருக்கின்றன, ஆள் இல்லை. 90ஐவிட 120 பெரியது என்பதோடு யார் சண்டை போடுவது?

2

பட்டியல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 2007ல் இரண்டு போன்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று நோக்கியா என்95. மற்றது ஆப்பிளின் முதல் ஐபோன். நோக்கியாவில் 5 மெகாபிக்ஸல் காமிரா, வீடியோ எடுக்கலாம், 3ஜி உண்டு, இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். உண்டு; வெளியார் எழுதிய செயலிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் காமிரா 2 மெகாபிக்ஸல், வீடியோ கிடையாது, 3ஜி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. வெளியார் செயலிகளுக்கு 2008 ஜூலை வரை, ஒரு வரியை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் வசதிக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியலில் வரிக்கு வரி தோற்ற போன் அது.

அடுத்த ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோஸாஃப்ட் கைக்குப் போயிற்று. அந்த விற்பனையில் சேராத ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. இதற்கு வியாபாரக் காரணங்கள் பல. ஆனால் ஐபோனை முதலில் கையில் எடுத்தவர்கள் உணர்ந்தது எந்த வரியிலும் அகப்படாத ஒன்று. விரலால் தள்ளினால் பக்கம் நகர்ந்தது. தள்ளிய வேகத்துக்கு ஏற்ப ஓடி, மெல்ல நின்றது. பொருளுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த குச்சி, பொத்தான், மெனு எல்லாம் மறைந்திருந்தன. ஒரு கதையின் பாத்திரம், நடை, கட்டுக்கோப்பு என்று தனித்தனியே மார்க் போட்டுக் கூட்டினால் அந்தக் கதை கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். இதுவும் அதே விஷயம்தான்.

இதைச் சொன்னதும் ஆப்பிள் பக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நோக்கியா 2003ல் கொண்டுவந்த 1100 என்ற மாடலை இன்னும் உயர்ந்த உதாரணமாகச் சொல்வேன். உச்சியில் ஒரு டார்ச் விளக்கு. தூசி புகாத பொத்தான்கள். வியர்த்த கையிலிருந்து வழுக்காத விளிம்பு. காமிரா கிடையாது, வண்ணத்திரை கிடையாது. 25 கோடிக்குமேல் விற்றது. கரண்ட் போகும் ஊர், புழுதித் தெரு, வேலை செய்யும் கை, இவற்றை யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனம்தான் அதன் தரம். இன்றைய அட்டவணையில் வைத்தால் அதற்குப் பத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

எண்களே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. போன் ஒரு கருவி. கருவியை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். மத்தியானமே பாட்டரி தீர்ந்துபோகும் போனுக்கு அழகியல் பேசிப் பிரயோஜனமில்லை. அளவு ஒரு தகவல் என்ற அளவில் எனக்கு அதோடு தகராறில்லை. அளவே மதிப்பீடு என்று ஆகும்போதுதான் கோளாறு. அப்படி ஆனதும், செய்கிறவன் பொருளை விட்டுவிட்டு எண்ணைச் செய்ய ஆரம்பிக்கிறான்.

3

200 மெகாபிக்ஸல் காமிரா சாதாரணமாகப் படமெடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்ஸல் படத்தைத்தான் கொடுக்கிறது. அப்படிச் சேர்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு, இருட்டில் வெளிச்சம் அதிகம் கிடைக்கும். ஆனால் பெட்டியில் அச்சாவது 200 தான். 2022ல் இன்னொன்று வெளியாயிற்று. சாம்ஸங் போன்களில் சூட்டைக் கட்டுப்படுத்த இருந்த ஓர் ஏற்பாடு ஆயிரக்கணக்கான செயலிகளின் வேகத்தைக் குறைத்தது. வேகத்தை அளந்து மார்க் போடும் பரிசோதனைச் செயலிகளை மட்டும் தொடவில்லை. கீக்பெஞ்ச் என்ற அந்தப் பரிசோதனையை நடத்துகிறவர்கள் சில மாடல்களைத் தங்கள் அட்டவணையிலிருந்தே நீக்கினார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பெருக்கப்படும் பள்ளிக்கூடம் மாதிரி.

இவை வியாபாரத் தந்திரங்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2023 மார்ச்சில் நடந்த நிலா விவகாரம். ஒருவர் நிலாவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்தார். அறையை இருட்டாக்கி, தூரத்தில் நின்று, சாம்ஸங் போனால் அதைப் படமெடுத்தார். போனில் விழுந்த படத்தில் பள்ளங்களும் மேடுகளும் தெளிவாக இருந்தன. திரையில் இருந்த மங்கலில் அவை இல்லை. நிலாவை அடையாளம் கண்டுகொண்டு, பல நிலாப் படங்களிலிருந்து கற்ற விவரத்தால் படத்தைத் தெளிவாக்குவதே அந்த மென்பொருளின் வேலை என்று கம்பெனியும் விளக்கம் கொடுத்தது.

நமக்கு இது புதிதல்ல. பார்ப்பதற்கு முன்பே நிலா எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கும் கண்ணை நாம் செய்யுளில் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த நிலா முந்தைய நிலாக்களிலிருந்து வருவது, வானத்திலிருந்து அல்ல. புதுக்கவிதை எதை எதிர்த்துக் கிளம்பியதோ, அதை ஒரு கம்பெனி சிலிக்கனில் செய்து விற்கிறது, ஜனங்களும் வாங்குகிறார்கள். இதில் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேண்டியது அன்றிரவு தங்கள் மொட்டைமாடிக்கு மேல் இருந்த நிலா அல்ல. பிறர் அனுப்பும் படத்தில் இருப்பது போன்ற ஒரு நிலா. உபயோகிப்பவர்கள் காமிராவைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்று எல்லா விமர்சகர்களும் சொல்கிறார்கள், சரி. ஆனால் காமிராவில் அவர்கள் கேட்பது என்ன? மற்றவர்கள் படத்தோடு தங்கள் படமும் சேர்ந்து நிற்கவேண்டும் என்பது. இதைத் தெளிவு, கூர்மை என்ற வரிகளில் வைத்து அளக்க முடியாது.

4

சேர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய மதிப்பு என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். 2011ல் ஆப்பிள் தன் போன்களுக்குள் ஐமெஸேஜ் என்ற செய்திமுறையைக் கொண்டுவந்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் செய்தி நீலக் குமிழியில் தெரியும். ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சை. பச்சைக்காரர் சேர்ந்தால் குழுவின் வசதிகள் குறையும், படங்களும் வீடியோக்களும் சிறுத்து மங்கும். பள்ளிப் பிள்ளைகளிடையே பச்சை என்பது கேலிக்குரிய அடையாளமாயிற்று. ஐமெஸேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தர இருக்கும் தடை நீங்கிவிடும் என்று ஆப்பிள் அதிகாரி ஒருவர் எழுதிய கடிதம், எபிக் கம்பெனி தொடுத்த வழக்கில் 2021ல் வெளியாயிற்று. 2022ல் ஒரு பொதுமேடையில், என் அம்மாவுக்கு அனுப்பும் வீடியோ சரியாகத் தெரிவதில்லை என்று ஒருவர் குறைப்பட்டபோது, அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக்கொடுங்கள் என்றார் தலைவர் டிம் குக். 2024ல் ஆர்.ஸி.எஸ். என்ற பொதுமுறையை ஏற்று மங்கலைச் சரிசெய்தார்கள். பச்சை நிறம் மட்டும் மாறவில்லை.

எந்த அட்டவணையிலாவது ‘குமிழியின் நிறம்’ என்று ஒரு வரி போட்டு மார்க் கொடுத்ததுண்டா? ஒரு தலைமுறை தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் அந்த நிறத்துக்கு வேலையில்லை, எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறோம். இங்கே தேர்வின் பாரம் வேறிடத்தில் விழுகிறது. நான் பாங்க் கவுண்டரில் உட்காருகிறவன். மாதச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள ஐபோனைத் தவணையில் வாங்கிய பையன்களைப் பார்க்கிறேன். இதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது படித்தவர்களின் வழக்கமான சோம்பல். தன்னை ஏறெடுத்துப் பார்க்காத ஓர் அலுவலகத்துக்குள் நுழையும்போது மேஜைமேல் கவிழ்த்து வைக்க அவனுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. அவன் வாங்கியது போனின் முதுகை. அதன் விலை அவனுக்குத் தெரியும், தவணை தேதியும் தெரியும்.

இன்னொரு பக்கம், எங்கள் கிளைக்கு வரும் பூக்கார அம்மாள் ஒருவர். போனின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. 2016ல் யு.பி.ஐ. வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கல்லாப்பெட்டியே அந்தப் போன் என்றாகிவிட்டது. மகன் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்கிறானாம். “வேணாம் தம்பி, இதுல எது எங்க இருக்குன்னு என் வெரலுக்குத் தெரியும்” என்கிறார். புதுப் போன் என்றால் சிம்மிலிருந்து ஒரு செய்தி போய், எண்ணையும் போனையும் மறுபடி பிணைக்க வேண்டும். யாரிடமாவது போனைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்கிற இடத்தில் ரகசிய எண்ணைச் சொல்ல நேரலாம். அவர் மறுப்பது பழமைப்பற்று அல்ல. பிறர் கையை எதிர்பார்க்காமல் வியாபாரம் செய்வதை அவர் மதிக்கிறார். அந்தப் போனைப் பற்றி நான் கேட்டவற்றில் ஆகச் சிறந்த விமர்சனம் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அதில் பொருள் இருக்கிறது, ஆளும் இருக்கிறது.

5

கடைசியாக, நம்மைப் போன்றவர்களுக்கான வரி.

முதல் ஆண்ட்ராய்டு போன் 2008ல் வந்தது. ஆரம்பப் பதிப்புகளைக் கொண்ட பல போன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள்தான் தெரிந்தன. எழுத்துரு வந்த இடத்திலும் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாகக் கிடந்தது. இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கொடுத்தாயிற்று. சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை 1999ல் முடிவாயிற்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005லேயே ‘செல்லினம்’ மூலம் பழைய பொத்தான் போன்களில் தமிழை ஓடவிட்டிருந்தார். ஐபோனிலேயே உள்ளடங்கிய தமிழ் விசைப்பலகை 2013ல்தான் வந்தது.

இந்த ஆண்டுகளில் நான் படித்த எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் ‘தமிழ் தெரியுமா’ என்று ஒரு வரி இருந்ததில்லை. தன் பெயரையே கட்டங்களாகக் காட்டிய போனுக்கு ஒன்பது மார்க் போட்ட தமிழர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறெங்கோ தயாரான வரிகளை வாங்கி அதற்குள் எண்களை நிரப்பினார்கள், அவ்வளவே. தமிழ் பிற்பாடு வந்துசேர்ந்தது, அதற்காக உழைத்த சிலரால்; எந்த விமர்சகனும் கேட்டு அல்ல.

நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்த வரிகளின்கீழ் மதிப்பிடுவது என்று தீர்மானிப்பதே விமர்சனத்தின் முதல் வேலை. அந்த வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டால் மிச்சமிருப்பது கணக்கெழுதும் உத்தியோகம். அது எனக்குப் பகலில் இருக்கிறது, சாயங்காலமும் வேண்டியதில்லை. நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள்: நடை சரளம், பாத்திர வார்ப்பு நன்று, கட்டமைப்பில் சிறு தொய்வு, அட்டை அழகு, விலை சற்று அதிகம். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி வந்தால் ஆண்டின் சிறந்த பத்து. இந்த வரிகளை யார் தயாரித்தார்கள்? இவற்றில் எது, அந்தப் பூக்கார அம்மாளின் வாக்கியத்தைப்போல, படித்தவனின் விரலிலிருந்து வந்தது? அடுத்த இதழுக்கு மதிப்புரை எழுத இருக்கும் நண்பர்கள் இதற்குப் பதில் யோசித்துவிட்டு எழுதலாம்.