ஜோன்ஸ் உரையும் ஒலியொப்புமையும்

மொழிநூல் பிறந்த நாள் என்று பலரும் குறிப்பது 1786 பிப்ரவரி 2. அன்று கல்கத்தாவில், ஆசியக் கழகத்தின் மூன்றாம் ஆண்டுரையைச் சர் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்தினார். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் கொண்டுள்ள ஒற்றுமை தற்செயலாக நேர்ந்திராது. வழக்கிறந்துபோன ஏதோவொரு பொதுமூலத்தினின்றே அவை தோன்றியிருத்தல் வேண்டும் என்றார்.

இப்பகுதியை எடுத்தோதாத மொழிநூலார் அரியர். உரையின் முடிவைப் படிப்போரோ அவரினும் அரியர். அங்கே இந்துக்களின் தொன்மை உறவினர் எனப் பாரசீகர், கிரேக்கர் என்று தொடங்கி எகிப்தியர், சீனர், ஜப்பானியர், பெரு நாட்டவர் வரை அடுக்கிச் செல்கிறார் ஜோன்ஸ்! முன்னே இலக்கண அமைப்பை நோக்கியவர், பின்னே தெய்வங்களையும் கட்டடங்களையும் கொண்டு உறவு கண்டதன் விளைவு இது.

ஆகவே அவரை ஒப்பியல் மொழிநூலின் தந்தை என்பது சற்று மிகையே. வழியைச் சுட்டியவர் அவர். வழியைச் சமைத்தவர் பிறர். 1816இல் பாப் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு நூல் செய்தார். 1818இல் ராஸ்கும் 1822இல் கிரிம்மும் ஒலிமாற்றம் ஒழுங்குடையது என்று காட்டினர். இலத்தீனில் 'பதெர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. ஒரு சொல்லில் மட்டுமன்று, சொல்வரிசை முழுதும் இம்மாற்றம் நிகழ்கிறது. விலக்கென எஞ்சியவற்றுட் பலவற்றுக்கும் விதி உண்டென 1877இல் வெர்னர் நாட்டினார்.

ஒலியொப்புமையே உறவாயின், 'தீய' எனப் பொருள்படும் பாரசீக 'பத்', ஆங்கில 'பேட்' இரண்டும் உடன்பிறப்பாதல் வேண்டும். அவை தொடர்பற்றவை. 'இரண்டு' எனப் பொருள்படும் ஆர்மேனிய 'எர்க்கு' இலத்தீன் 'துவோ'வோடு ஓரொலியும் ஒவ்வாதது போல் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரு மூலத்தன. மூலமொழியின் 'த்வ' ஆர்மேனியத்தில் பிற சொற்களிலும் 'எர்க்' ஆகியிருத்தலே அதற்குச் சான்று.

தமிழாசிரியர்க்கு இவ்வாய்ப்பாடு புதிதன்று. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு என்று கன்னடம் ஒழுங்காகவே விடையிறுக்கிறது. அப்படியிருந்தும், கிரேக்கத்திற்கும் இலத்தீனுக்கும் தமிழ்வேர் காண்போர் இரு சொற்கள் ஒத்து ஒலித்தவுடன் தாய்மகள் உறவு பேசிவிடுகின்றனர். கடன்சொல்லையும் உடன்பிறப்பாக்குவர். கட்டுமரம் ஆங்கிலம் ஏறியது படகின் பெயராக, குடும்ப உறவாலன்று.

பாப்பின் நூல் வெளிவந்த அதே 1816இல், சென்னையில் எல்லிஸ் தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்களை நிரைநிரையாக வைத்துத் தெலுங்கு வடமொழியிற் பிறந்ததன்று என்று காட்டினார். அது தனி நூலாகவன்று, காம்பெலின் தெலுங்கு இலக்கணத்திற்கு முகவுரைக் குறிப்பாக வெளிவந்தது.