தேன்கூட்டின் காவல் பாக்டீரியா: எவ்வளவு நம்பலாம்?

தேனீக் கூட்டைத் தாக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் குறிவைப்பது புழுக்களைத்தான். நோயுற்ற வளர்ந்த தேனீ வெளியே பறந்துபோய்ச் செத்தால் கூடு தப்பிக்கும். அறைக்குள் கிடக்கும் புழுவுக்கு நகரவும் வழியில்லை. அதன் உடலில் முளைத்த பூஞ்சை அங்கேயே வித்துகளை விட்டு அடுத்த அறைக்கும் பரவும். சாக்புரூட் (chalkbrood) என்று தேனீ வளர்ப்போர் சொல்லும் நோயில், அஸ்கோஸ்பெரா ஏபிஸ் என்ற பூஞ்சையின் வித்து உணவோடு சேர்ந்து புழுவின் குடலுக்குள் போகிறது. சில நாள்களில் புழு வெளுத்து, விறைத்து, சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். அந்த வித்துகள் அடையிலும் பெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கின்றன. இதற்கு நம்பிக் கொடுக்கத்தக்க மருந்து ஒன்று தேனீ வளர்ப்போர் கையில் இல்லை. ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்ற பேச்சு இவ்வளவு ஆவலோடு கேட்கப்படுவதற்கு அதுவே காரணம்.

பேச்சுக்கு அடிப்படை உண்டு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஐரீன் நியூட்டனின் ஆய்வுக்குழு 2021இல் பொம்பெல்லா ஏபிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆய்வகத் தட்டில் பொவேரியா பாசியானா, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஆகிய இரண்டு பூஞ்சைகளின் வளர்ச்சியையும் அது ஒடுக்கியது. நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்குவதாக நம் உழவர்கள் அறிந்த அதே ஆஸ்பெர்ஜில்லஸ்தான், தேனீப் புழுக்களைக் கல்லாக இறுகச் செய்யும் ஸ்டோன்புரூட் நோய்க்கும் காரணம். பாக்டீரியா சேர்த்து வளர்க்கப்பட்ட புழுக்களை இந்தப் பூஞ்சை தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. தொற்றிய சிலவற்றிலும் பூஞ்சை விட்ட வித்துகள் குறைவு. என் கணிப்பில் இந்த இரண்டாவது முடிவே பெரியது. ஒரு புழு செத்தாலும் அதிலிருந்து நோய் பரவாவிட்டால் கூடு பிழைக்குமே!

பாக்டீரியாவை நீக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் கொடுத்தாலும் பூஞ்சை அடங்கியது. ஆகவே, அது சுரக்கும் ஏதோ ஒரு பொருளே வேலை செய்கிறது. இந்தப் பாக்டீரியா வெளியிலிருந்து வந்ததும் அன்று. புழுக்களுக்கு ஊட்டும் அரசக்கூழின் அமிலத்தன்மையில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடிந்துபோகும், இது பிழைத்திருக்கும். ஊட்டும் தேனீக்களிடமும் ராணியின் குடலிலும் குடியிருக்கிறது. சத்துக் குறைந்த உணவு கிடைக்கும் புழுவுக்கு லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தந்து உதவுகிறது என்று அதே குழு 2022இல் காட்டியது. கூட்டின் பழைய குடியிருப்பாளரைக் கொண்டே கூட்டைக் காப்பது என்பது, மருந்து தெளிப்பதைவிட எல்லா வகையிலும் மேலான எண்ணம்.

ஆனால் எண்ணம் மேலானது என்பதால் பெட்டியில் பலித்துவிடும் என்று சொல்ல முடியாது. சோதிக்கப்பட்ட இரண்டில் சாக்புரூட் பூஞ்சை இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உலகெங்கும் தேனீ வளர்ப்போரை வாட்டுவது அதுதான், ஸ்டோன்புரூட் அரிது. பொவேரியாவோ நம் ஊர் உரக்கடையிலும் பூச்சிகளைக் கொல்லும் உயிரியல் மருந்தாக விற்கப்படுவது. புழு அறைகளில் தேனீக்கள் காக்கும் 35 டிகிரி வெப்பம் அதற்கு ஒத்துவருவதில்லை. அடுத்து, ஆய்வகப் புழுவுக்கும் கூட்டுப் புழுவுக்கும் உள்ள தொலைவு. கூட்டில் மழைக்கால ஈரம் உண்டு, அடை குளிர்ந்துபோகும் இரவு உண்டு, செத்த புழுவை மோப்பம் பிடித்து இழுத்தெறியும் தேனீக்களும் உண்டு. சாக்புரூட்டில் கூடு பிழைப்பதும் அழிவதும் பெரிதும் இவற்றைப் பொறுத்தே. பூஞ்சையை ஒடுக்கும் பொருள் எது என்பதிலும் அந்த ஆய்வு பாக்டீரியாவின் மரபணுக்களைப் பார்த்துச் சாத்தியமான சில பொருள்களைக் காட்டியதே தவிர, ஒன்றை உறுதியாகச் சுட்டவில்லை.

இதைவிடக் கவலை தருவது வணிகம். தேனீக்கான புரோபயாடிக் என்று விற்கப்படும் தூள்களில் பல, மனிதருக்கும் கால்நடைக்கும் கொடுக்கும் பாக்டீரியா வகைகளைக் கொண்டவை. தேனீயின் குடலில் அவை நிலைத்துத் தங்குவதில்லை. 2016இல் போலந்து ஆய்வாளர்கள் லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்ற மனிதப் புரோபயாடிக்கைத் தேனீக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சைக்கு உறவான நோசிமா ஒட்டுண்ணியின் தொற்று அவற்றில் கூடியது, சாவும் கூடியது. நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லை என்று சொல்லி விற்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று வேறொரு பக்கத்தைக் காட்டியது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட தேனீக்களின் குடல் பாக்டீரியாக்கள் குலைந்தன. கூட்டுக்குத் திரும்ப விடப்பட்ட பிறகு அவற்றில் பிழைத்தவை குறைவு. இருக்கும் காவலைக் கெடுத்துவிட்டு, காசு கொடுத்து வேறு காவலை வாங்குவதில் என்ன நியாயம் இருக்கிறது? பொம்பெல்லா ஆய்விலிருந்து இன்றைக்கே எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட உள்ளதைக் கெடுக்காமல் இருப்பதே என்று நான் கருதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் மேற்கத்தியத் தேனீயைக் கொண்டு நடந்தவை. மார்த்தாண்டம் பகுதியின் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இந்தியத் தேனீ. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் கூடுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது தாய் சாக்புரூட் (Thai sacbrood). பெயர் ஒலியில் ஒத்திருந்தாலும் அது வைரஸ் நோய். பூஞ்சையை ஒடுக்கும் பாக்டீரியா வைரஸையும் தடுக்கும் என்று யாராவது சொன்னால், அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரமில்லை.

இந்தியத் தேனீயின் கூட்டில் எந்தப் பாக்டீரியா புழுக்களைக் காக்கிறது என்பதை நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் தேடிப் பார்க்க வேண்டும். வாங்கிவந்த வகையை அப்படியே இங்கே விடக் கூடாது. அதுவரை தேனீ வளர்ப்போர் புரோபயாடிக் தூளுக்குச் செலவிட வேண்டாம். கறுத்துப்போன பழைய அடைகளை மாற்றுங்கள், பெட்டியில் ஈரம் தேங்காமல் காற்றோட்டம் கொடுங்கள், கூட்டைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் குடும்பங்களிலிருந்து ராணிகளைப் பெருக்குங்கள், தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள்.