சில்வரின் சமையலறை

முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை காட்டுக்குள் வியர்க்க வியர்க்க நடந்து போனவர்கள் கவனித்திருப்பீர்கள், அது 1883-இல் கட்டப்பட்டது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நூலாக வெளிவந்ததும் அதே 1883-இல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்டீவன்சனின் தாத்தா, அப்பா, பெரியப்பாக்கள் எல்லாரும் ஸ்காட்லாந்துக் கரையோரம் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்கள். அவரும் எடின்பரோவில் பொறியியல் படிக்கத்தான் போனார், பாதியில் விட்டுவிட்டார். யுஎஸ்எம்-இல் அதை முழுசாகப் படித்து முடித்து, பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

நாவலைப் படிப்பதற்கு முன்பே நான் லாங் ஜான் சில்வரைத் தின்றுவிட்டேன். பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போனபோது அந்தக் கடைக்குக் கூட்டிப்போனார். பொரித்த மீன், அதன்கூட எண்ணெயில் உதிர்ந்த மாவுத்துணுக்குகள். எனக்கு மீனைவிடத் துணுக்குதான் பிடித்தது. "இது யார் பேரு மாமா?" என்று கேட்டேன். "யாரோ வெள்ளைக்காரன்டா, சாப்பிடு" என்றார்.

பல வருஷம் கழித்து நாவலை எடுத்தபோதுதான் அவன் யாரென்று தெரிந்தது. ஒற்றைக்கால், தோளில் கிளி, கப்பலில் சமையல்காரன் வேலை. ஸ்டீவன்சன் இந்தக் கதைக்கு முதலில் வைத்த பெயரே 'கடல் சமையல்காரன்' என்ற பொருளில்தான். பொதுவாக நாம் சில்வரைக் கொள்ளையனாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவனுடைய ஆயுதம் கத்தி இல்லை, அடுப்படி. பளபளவென்று துலக்கிய பாத்திரங்கள், போகும்போதும் வரும்போதும் சிறுவன் ஜிம்மை உட்காரவைத்துப் பேசும் பிரியம். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து ஜிம் அவன் திட்டத்தைக் கேட்கும் இடத்தில் நமக்கு வலிப்பது அதனால்தான். சோறு போட்டவன் அவன்.

அமெரிக்காவின் கென்டக்கியில், லெக்சிங்டன் நகரத்தில், 1969-இல் ஜெரிக்கோ என்ற நிறுவனம் மீன்கடை தொடங்கி இவன் பெயரை வைத்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார்கள், பீப்பாயை விட்டுவிட்டார்கள். கடை ஓடியது. 1980-களின் கடைசியில் சுமார் 1,500 கிளைகள். 1989-இல் அதன் மேலாளர்களும் ஒரு நியூயார்க் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து ஜெரிக்கோவை ஏறக்குறைய 62 கோடி டாலருக்கு வாங்கினார்கள், பெரும்பாலும் கடன் வாங்கி. இந்த மாதிரி வியாபாரத்தில் வாங்குகிறவர் பட்ட கடன் வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏறும். பொரித்த மீனை விற்றுத்தான் வட்டி கட்ட வேண்டும். 1998-இல் திவால் மனு. அடுத்த வருஷம் ஏ&டபிள்யூ-வோடு சேர்த்தார்கள். 1963-இல் கோலாலம்பூரில் கடை போட்டு நமக்கு ரூட் பீர் பழக்கிய அதே ஏ&டபிள்யூதான். 2002-இல் கேஎஃப்சி-யின் முதலாளிகளான யம் இரண்டையும் வாங்கினார்கள், 2011-இல் இரண்டையும் விற்றார்கள். 2013-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு இந்தக் கடையின் ஒரு தட்டை அமெரிக்காவின் ஆக மோசமான உணவகச் சாப்பாடு என்றது. அந்த ஒரு தட்டில் மட்டும் 33 கிராம் டிரான்ஸ் கொழுப்பு. அதன் பிறகுதான் எண்ணெயை மாற்றினார்கள். இன்று கிளைகள் பழைய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை.

கடன்மேல் மட்டும் பழிபோட முடியாது. கோழியை ஒரே எடையில், ஒரே வயதில், வருஷம் முழுக்க வளர்க்கலாம். கடல் மீன் அப்படி அளவுக்கு வராது, விலையும் கடல் சொல்வதுதான். மேலும் அமெரிக்காவில் மீனுக்கு உச்ச வியாபாரம் தவக்காலத்தில். மெக்டொனால்டின் மீன் பர்கரே 1962-இல் சின்சினாட்டியில், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்களுக்காகப் பிறந்தது. அவர்களுக்கு மீன் ஒரு ஓரத்து அயிட்டம். சில்வருக்கோ அதுதான் வீடு. பொரித்த மீன் காத்திருக்கவும் காத்திருக்காது, பெட்டிக்குள் பத்து நிமிஷத்தில் நமுத்துப்போகும்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, இதே கணக்கை நானே ஒருமுறை போட்டேன்.

என் அத்தைக்குப் பேராக் ரோட்டுப் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் சின்ன ஒட்டுக்கடை. மஞ்சளும் மிளகாயும் பிரட்டிய கெம்போங் மீன், சோறு, ரசம். விடியறதுக்கு முன்னே பாசாருக்குப் போய் மீன் வாங்குவார். இன்னொரு கடை போடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். வேலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது. பாசார் மீன் வேண்டாம், உறைந்த துண்டுமீன் வாங்குங்கள், விலை நிலையாக இருக்கும், தூக்கமும் கிடைக்கும் என்று சொன்னேன். படித்த பிள்ளை சொல்றான் என்று அத்தையும் கேட்டார்.

இரண்டு மாசம். சண்டை போட யாரும் வரவில்லை. பதினைந்து வருஷமாக மதியம் வந்துகொண்டிருந்த மருந்துக்கடை சீனத் தாத்தா மட்டும் முதலில் வாரம் மூணு நாள் ஆனார், அப்புறம் ஒரு நாள், அப்புறம் காணோம். அத்தை என் கணக்குத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கணக்கு சரிதான்யா. மீனுதான் சரியில்ல."

மறுபடி பாசார் மீனுக்கே போனார். இரண்டாவது கடை வரவே இல்லை. தாத்தாவும் திரும்பி வரவில்லை.

நாவலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிப் போகும் கொள்ளையர்கள் கடைசியில் பார்ப்பது வெறும் குழி. புதையலை பென் கன் எப்போதோ இடம் மாற்றிவிட்டான். வரைபடம் தப்பில்லை, இடமும் அதே இடம். என் கணக்கைப் போல. சில்வருக்குத் தண்டனை கிடையாது. வழியில் ஒரு துறைமுகத்தில் ஒரு மூட்டைக் காசோடு நழுவிவிடுகிறான். கடைசி வரை அவனை வெறுக்க முடியாமல் தவிக்கும் ஜிம்தான் இந்த நாவலை வெறும் சிறுவர் கதையாக விடாமல் காப்பாற்றுகிறான் என்பது என் வாசிப்பு.

லாங் ஜான் சில்வர் கடைகளில் வாசலோரம் ஒரு மணி தொங்கும். சாப்பாடு நல்லா இருந்தால் போகும்போது அடிக்கலாம். பொறியாளனாகச் சொல்கிறேன், அது மோசமான அளவுகருவி. திருப்தியானவன் அடிப்பான், அடிக்காமல் போனவன் எத்தனை பேர் என்று அது ஒருநாளும் சொல்லாது. அத்தை கடையில் மணி இல்லை. அவருக்கு அந்தத் தாத்தா உட்காரும் ஸ்டூல் தெரியும். அது காலியாகக் கிடந்த மதியங்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.