மரியாதைக்கு ஓர் அளவுகோல்

அமெரிக்க உளவியலறிஞர் லிலியா கோர்ட்டினாவும் அவருடன் சேர்ந்தோரும், வேலைத்தலத்தில் மனிதர் ஒருவரையொருவர் நடத்தும் முறையை அளக்க 2001ஆம் ஆண்டில் ஏழு வினாக்கள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டனர். கடந்த ஐந்து ஆண்டுகளில் மேலதிகாரியோ உடன் வேலை செய்பவரோ உம்மைத் தாழ்த்திப் பேசினாரா, உமது கருத்தை அலட்சியஞ் செய்தாரா, தகாத முறையில் விளித்தாரா என்று கேட்டு, விடைகளுக்கு எண் கொடுப்பது அதன் முறை. 1,180 அரசுத்துறை ஊழியரிடம் கேட்டபோது 71 சதவீதத்தினர் அவமதிப்புக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அடியும் வசையும் இல்லாத இடத்திலும் அவமதிப்பு உண்டு என்பதை எண்ணிக்கையால் நிலைநாட்டியது நற்பணியே. ஆயினும், இதே வினாக்களைத் தமிழாக்கி ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் கேட்டால் என்ன கிடைக்கும்?

முதற் சிக்கல் விளியிலேயே எழுகிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்று படிகள் உண்டு. தாய் வயதுடைய பெண்ணை இளவயதுக் கங்காணி "வா, போ" என ஏவுவதும், அவள் அவரை "வாங்க" என்பதும் மலையகத்தின் நெடுநாள் வழக்கம். "தகாத முறையில் விளித்தாரா?" என்று கேட்டால் அவள் "இல்லை" என்றே சொல்லக்கூடும். அது பொய்யன்று. வழக்கமாகிவிட்டது தகாததாகத் தோன்றுவதில்லை. அளவுகோல் பூச்சியம் காட்டும். நிருவாகம் அதைச் சான்றிதழாக மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது தராசு. ஈரத்துக்கென்றும் கூடைப் பாரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றி அந்த ஏழு வினாக்களில் ஒன்றும் இல்லை. குறித்த நிறை சேராவிடின், நாள் முழுதும் மலைச்சரிவில் நின்றவளுக்கு விழுவது 'அரைப்பேர்'. (நாட்சம்பளக் கணக்குக்கும் மனிதரின் பெயருக்கும் தோட்டத்தில் ஒரே சொல்தான்!) இது ஊதியப் பிரச்சினை, மரியாதைப் பிரச்சினையன்று என்பார்கள். கடன் தீர்த்ததற்குத் 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டம் போகவியலாத முறை 1921 வரை நிலவிற்று. பெண்ணுக்குக் குறைந்த நாட்சம்பளம் 1984 வரை நீடித்தது. இவற்றில் ஊதியம் எங்கே முடிகிறது, அவமதிப்பு எங்கே தொடங்குகிறது?

இங்கே நம் இலக்கியத்தையும் விசாரிக்க வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து, அவர் மறைவுக்குப்பின் 1987இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. வினவ வந்தவரிடம் சொல்லாததைத் தொழிலாளர் பாட்டிலே சொல்லிவிடுகின்றனர். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் மலைநாட்டுப் பாட்டு தப்ப விடுவதில்லை. பின்வந்த முற்போக்குக் கதைகளில் பலவோ துரையின் சவுக்கை நன்றாகக் கண்டன. ஒரே லயத்தில் வாழ்வோருக்கிடையே சாதியும் ஆண் அதிகாரமும் நடத்தும் ஏவலை அவ்வளவாகக் காணவில்லை. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள், மேற்பார்ப்போர் பெரும்பாலும் ஆண்கள் என்ற வெளிப்படையான உண்மையைக்கூட வேலைநிறுத்தக் காட்சியின் ஆரவாரம் மறைத்துவிட்டது. விமரிசகர்களும் அந்த ஆரவாரத்தையே மெச்சினோம்.

அளக்கவே கூடாதென்பதல்ல என் வாதம். வினாவை மாற்றலாம். "உங்களைக் கங்காணி எப்படிக் கூப்பிடுகிறார்? அவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு, இரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். நேற்று நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ, கணக்கில் விழுந்தது எத்தனை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கேட்கும் இடம் மட்டும் பெரட்டுக்களமாக இருத்தலாகாது. அங்கே கணக்கப்பிள்ளை நிற்பார்.