இல்லாத மலையில் பெய்த மழை

1944 மே மாத 'லைஃப்' இதழில், சனிக் கோளை அதன் துணைக்கோள்களில் நின்று பார்ப்பதுபோல் செஸ்லி போன்ஸ்டெல் வரைந்த ஓவியங்கள் வெளிவந்தன. டைட்டனிலிருந்து தெரியும் காட்சிதான் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. பனி போர்த்த செங்குத்துப் பாறைகள், நீல வானம், அதில் பிறையாக ஒளிரும் சனி. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் விண்கலம் டைட்டனில் இறங்கியபோது கண்டதோ ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தையும் உருண்டு தேய்ந்த கற்களையும். ஓவியம் உண்மைக்குப் புறம்பாகிவிட்டது. ஆனாலும் இன்று அதைப் பார்ப்பவருக்கும் அந்தப் பாறை இடுக்கில் குளிரடிக்கிறது.

போன்ஸ்டெல் கட்டடக்கலை படித்தவர்; ஹாலிவுட்டில் படங்களுக்குப் பின்னணிக் காட்சிகள் தீட்டியவர். எந்தத் துணைக்கோளிலிருந்து பார்த்தால் சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டே தூரிகையைத் தொட்டார். நிலவின் மலைகளை அவர் ஊசிமுனைகளாக வரைந்ததற்கும் ஒரு தர்க்கம் உண்டு: காற்றும் மழையும் இல்லாத இடத்தில் பாறையைத் தேய்ப்பது எது? அப்பல்லோ பயணிகள் கண்டது மழுங்கிய குன்றுகளை. கோடானுகோடி ஆண்டுகளாக நுண்கற்கள் விழுந்து விழுந்து அந்த நிலத்தைப் பொடித்திருந்தன. அவர் கணக்கில் ஒரு காரணம் விடுபட்டது உண்மைதான். ஆனால் காரணம் இல்லாமல் அவர் படத்தில் ஒரு பாறைகூட நிற்கவில்லை.

இல்லாத நிலத்தை நம்பவைத்த ஓவியங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எனக்கு அவற்றில் பொதுவாகத் தெரிவது இந்தக் காரணகாரியம்தான். நுணுக்கம் அல்ல. இலைக்கு இலை நரம்பு வரைந்தும் நாடகத் திரைச்சீலைபோல் தட்டையாகக் கிடக்கும் படங்கள் ஏராளம்.

முதலில் காற்று. சீன ஓவியர் குவோ ஷீ 1072இல் பட்டில் தீட்டிய 'இளவேனில் தொடக்கம்' இப்போது தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படி ஒரு மலை எங்கும் இல்லை. மலை உயரமாகத் தெரிய வேண்டுமானால் இடுப்பில் மூடுபனியைச் சுற்ற வேண்டும் என்பது அவர் சொல்லிவைத்த பாடம். அந்தப் படத்தில் மலையின் நடுப்பகுதியை விழுங்கிய பனி, உச்சியை எங்கோ தூக்கி வைத்துவிடுகிறது. அடியில் நீர்க்கரையில் நகக்கண் அளவுக்குச் சில மனிதர்கள்; அவர்களைக் கண்ட பிறகுதான் மலையின் அளவு உறைக்கிறது.

ஐரோப்பாவில் ஆண்ட்வெர்ப் நகரின் யோவாகிம் பாட்டினிர் அருகே பழுப்பு, நடுவே பச்சை, தொலைவில் நீலம் என்று நிலத்தை அடுக்கினார். தூரத்துப் பொருள் நீலம் பாரிப்பது இடையிலுள்ள காற்றால்தான் என்று லியனார்டோ டா வின்சி குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். பின்வந்த பலரின் கையில் இந்த நிற அடுக்கு வெறும் மூன்று பட்டைகளாக உறைந்துபோனது. செம்புழுதி பறக்கும் வேற்றுக் கோளை வரைகிறவரும் தொலைமலைக்கு நீலமே பூசுகிறார். செவ்வாயில் எடுத்த படங்களில் தொலைவு புழுதி நிறத்தில்தானே மங்குகிறது!

இத்துறையின் உச்சமாக ஒரே படத்தைக் காட்டச் சொன்னால், பீட்டர் புரூகல் 1563இல் வரைந்த 'பாபேல் கோபுர'த்தைத்தான் காட்டுவேன். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் பலகை ஓவியம் ஒன்றரை மீட்டர் அகலம்தான். மேகத்தைத் தொடும் கோபுரம் என்பது வேதாகமக் கதை; புரூகல் அதை ஒரு கட்டுமானத் தளமாக்கிவிட்டார். இத்தாலிப் பயணத்தில் கண்ட ரோமாபுரிக் கொலோசியத்தின் வளைவுகளை அடுக்கடுக்காக ஏற்றினார். கிட்டப் போய்ப் பார்த்தால், செங்கல் மேலேறும் இடத்தில் சுவரெல்லாம் செந்தூள் படிந்திருக்கிறது. சுண்ணாம்பு ஏறும் இடத்தில் வெள்ளைத் தூள். பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடக்க, அந்தச் சுழற்சியில் கல் மேலே போகிறது. வேலை முடிய எத்தனை காலமாகும் என்று அறிந்தவர்கள்போல் தொழிலாளிகள் கோபுரத்தின் படிகளிலேயே குடிசை போட்டுவிட்டார்கள். கட்டடத்துக்கு நடுவில் மூடப்படாத இயற்கைப் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. வளைவுகளைச் சரிவான பாதைக்குச் செங்குத்தாக எழுப்பியதால் கோபுரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது. அது ஏன் விழும் என்பதுகூடப் படத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் செந்தூளை வரைய அவரை யாரும் வற்புறுத்தவில்லை. செங்கல்லைத் தூக்கினால் தூள் உதிரும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்த மனத்தைத்தான் நான் வணங்குகிறேன்.

மிதக்கும் மலைகளில் இந்தக் காரணகாரியச் சோதனை இன்னும் கடுமையாகிறது. 2009இல் வந்த 'அவதார்' படத்தின் மலைகள் சீனாவின் சாங்சியாசியே மணற்பாறைத் தூண்களின் சாயல் கொண்டவை. அடிவாரத்தைப் பிடுங்கிவிட்டாலும் பாறையின் செங்குத்து வெடிப்புகள் மாறவில்லை. கொடிகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஒன்று மட்டும் பொய், மற்றதெல்லாம் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

அருவியில் ஏமாற்றவே முடியாது. 'பாகுபலி'யின் பேரருவிக்கு அடிப்படை கேரளத்தின் அதிரப்பள்ளி. அதன் உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். அங்கே நீர் தரையைத் தொட இரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதைத் திரையில் பத்து மடங்கு உயர்த்தினால் ஏழு விநாடியாவது ஆக வேண்டும். இல்லையேல் எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் தொட்டித் தண்ணீராகவே தெரியும். அசையாத ஓவியத்தில் இந்த வேலையைத் திவலைதான் செய்ய வேண்டும். வெனிசுவேலாவின் 979 மீட்டர் ஏஞ்சல் அருவி, நீர் குறைந்த மாதங்களில் தரைக்கு வருமுன்பே புகையாகிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் அருவியைக் கடைசிவரை கெட்டித் தாரையாக வரைகிறவர் மலையைத்தான் குட்டையாக்குகிறார்.

கணினியும் இதே பாதையில்தான் வந்தது. 1980இல் லோரன் கார்பென்டர் பகுவியல் (ஃபிராக்டல்) கணக்கால் மலைத்தொடரை உருவாக்கிக் காட்டினார். வியப்பான சாதனை, ஆனால் அந்த மலைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரேமாதிரி முரடாக இருந்தன. மழை காணாத மலைகள். 1989இல் மஸ்கிரேவ், கோல்ப், மேஸ் மூவரும் அந்தக் கணித மலைமேல் மழையைப் பெய்யவிட்டார்கள். நீர் மண்ணை அரித்துக் கீழே படியவைத்தது, பள்ளத்தாக்கு பிறந்தது. இன்று இதைச் செய்ய மென்பொருள்கள் இருக்கின்றன. அவை தரும் நிலத்தின் மேல் ஓவியர்கள் காட்டை எல்லாப் பக்கமும் சமமாகத் தூவிவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஈரக்காற்று மோதும் சரிவு பச்சையாகவும் மறுபுறம் வறண்டும் இருக்க வேண்டாமா? கோட்டைக்கு அருகில் விறகுக்கு வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் எங்கே? ஆறு இறங்கும்போது கிளைகள் வந்து சேர வேண்டும். படங்களில் அது மலைநடுவிலேயே இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது.

ஒளிக்கும் இதே விதிதான். 'டைனோடோபியா' (1992) என்ற கற்பனை உலகப் படநூலை வரைந்த ஜேம்ஸ் கர்னி, கற்பனைக் கட்டடங்களுக்குச் சிறு மாதிரிகள் செய்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வரைபவர். நிழலில் இருக்கும் வளைவின் உட்புறம் கறுப்பாக இருக்கும் என்று மனம் சொல்லும். மாதிரியை வெயிலில் வைத்தால் தரையில் பட்ட ஒளி திரும்பி மேலே அடித்து, அந்த உட்புறம் மஞ்சள் பூத்து நிற்பது தெரியும்.